வங்கியின் பழைய நிரல்: ஒரே வீச்சில் மாற்றமா, படிப்படியாகவா?

கிருஷ்ணகிரி விவசாயியின் நகைக்கடன் வட்டி முதல் மாங்கூழ் ஆலை செலுத்தும் தொகை வரை அனைத்தும் வங்கி மென்பொருளை நம்பியிருப்பதால், அதை மாற்றும் முறை முக்கியமானது.

1959இல் உருவாக்கத் தொடங்கப்பட்ட கோபோல் என்னும் கணினி மொழியில் உள்ள பழைய நிரல்களைச் செயற்கை நுண்ணறிவால் புதிய மொழியில் முழுமையாக எழுதி ஒரே வீச்சில் மாற்றுவது விரைவானது; ஆயினும் துல்லியமான பதின்மக் கணக்கு மிதவைப்புள்ளிக் கணக்காக (தசம பின்னங்களைத் தோராயமாகவே சேமிக்கும் முறை) மாறிவிட்டால், பைசாப் பிழைகள் யார் கண்ணிலும் படாமல் ஆயிரக்கணக்கான கணக்குகளில் குவியக்கூடும்.

பழைய நிரலின் விதிகளை ஆவணப்படுத்த மட்டும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தி, இரு அமைப்புகளையும் இணையாக ஓட்டி விடைகளை ஒப்பிடுவதற்குச் செலவு கூடும். ஆயினும் நான் இதையே தேர்வேன்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, செயற்கை நுண்ணறிவின் பங்கு இல்லாமலேயே, 2018இல் ஒரே வார இறுதியில் புதிய கணினி அமைப்புக்கு மாறியபோது சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் கணக்கை அணுக முடியாமல் தவித்தனர், 2022இல் 4.865 கோடி பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டது.

எம்முறையாயினும், மா அறுவடைக் காலத்தில் மாற்றம் வேண்டாம்.