கேசானா, ஸ்லப் டீபக்கா, கேஃபென்ஸா? விடுவித்த நினைவகத்தைத் தொடும் டிரைவரைப் பிடிக்க

லினக்ஸ் கெர்னலில் கேஃப்ரீ செய்த (அதாவது நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட) ஆப்ஜெக்டை ஏதோ ஒரு டிரைவர் மறுபடி தொடுகிறது. திருத்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிதான். எங்கே என்று தேடுவதில்தான் நாள் போகும். இதைப் பிடிக்கக் கெர்னலிலேயே உள்ள மூன்று கருவிகள்தான் கேசான், ஸ்லப் டீபக், கேஃபென்ஸ். சோதனை மெஷினில் பிழையை வரவழைக்க முடிந்தால் என் ஓட்டு கேசானுக்கே.

ஸ்லப் டீபக்குக்குப் பெரும்பாலும் கம்பைல் வேலை இல்லை, பூட் வரியில் சேர்த்தால் போதும். சந்தேகப்படும் கேஷுக்கு (ஒரே வகை ஆப்ஜெக்டுகளை ஒதுக்கும் தொகுப்பு) மட்டும் போட்டுக்கொள்ளலாம். விடுவித்த ஆப்ஜெக்டை ஹெக்ஸ் 6பி பைட்டால் நிரப்பும். ஊப்ஸ் (கெர்னல் பிழை) பதிவில் ஒரு ரெஜிஸ்டர் முழுக்க 6பி என்றால் விஷயம் புரிந்துவிடும். ஆனால் தப்பாக எழுதுவதை அந்த நொடியில் பிடிக்காது. அதே ஆப்ஜெக்டை அடுத்து ஒதுக்கும்போது சரிபார்த்துத்தான் கத்தும். அப்போது கிடைப்பது சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை).

கேசான் தொட்ட கணமே பிடிக்கும். தொட்டவர், ஒதுக்கியவர், விடுவித்தவர் என மூன்று ஸ்டாக்கும் ஒரே அறிக்கையில் வரும். இதில் மூன்றாவதுதான் தீர்ப்பு சொல்வது. தொட்டது டைமர், விடுவித்தது டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் என்றால், டைமரை நிறுத்தி, ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை காத்திருந்து, அப்புறம் விடுவிக்க வேண்டும். ஒர்க் க்யூ (பிறகு செய்யத் தள்ளிவைத்த வேலை) என்றால் கேன்சல் ஒர்க் சிங்க். இருவருமே தனக்குத்தான் சொந்தம் என்று நினைத்து வைத்திருந்தால் ரெஃபரன்ஸ் கவுன்ட் (எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை). பாயின்டரை நல் ஆக்கிவிட்டு விடுவிப்பது வெறும் ஒட்டுப்போடல். இன்னொரு சிபியூ பழைய முகவரியை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும். விடுவித்ததைக் கேசான் உடனே மறுபடி கொடுக்காமல் குவாரன்டைனில் வைப்பதால், தாமதமாகத் தொடுபவரும் பெரும்பாலும் சிக்குவார்.

விலை உண்டு. நிழல் நினைவகத்துக்கு (எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கேசான் குறித்துவைக்கும் இடம்) மட்டும் எட்டில் ஒரு பங்கு போகும் (ஜெனெரிக் வகைக்கு, ஏஆர்எம்64 டேக் வகைகளின் கணக்கு வேறு). கெர்னல் கண்கூடாக மெதுவாகும், அதனால் நேர இடைவெளியை நம்பிய ரேஸ் பிழை ஒளிந்துகொள்ளவும் கூடும். டிஎம்ஏ வழியாக (சிபியூவைத் தாண்டி நேரடியாக) சாதனமே எழுதினால் கேசானுக்குத் தெரியாது. இயல்பாக முதல் பிழையை மட்டுமே சொல்லும். எல்லாம் வேண்டுமென்றால் மல்டி ஷாட்டை பூட் வரியில் போடுங்கள்.

கேஃபென்ஸ் 2021-இல் கெர்னல் 5.12-இல் வந்தது. இயல்பு அமைப்பில் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு ஒதுக்கீட்டை மட்டும் கண்காணிக்கும். ஒரே நேரத்தில் 255 ஆப்ஜெக்ட் வரைதான், அதற்கு 2 எம்பி நினைவகம். ஒற்றை மெஷினில் சிக்கினால் அதிர்ஷ்டம். நூற்றுக்கணக்கான சர்வர்களில், வாடிக்கையாளரிடம் மட்டுமே வரும் பிழைக்கு இதைத்தான் போட வேண்டும்: அங்கே கேசானை ஓட்ட யாரும் விடமாட்டார்கள்.