பாம்பன் பாய்லர் கடை: டீ அருமை, கோலாவைத் தொடாதீர்கள்

பாம்பன் ஊருக்குள் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு பாய்லர் டீக்கடை, போர்டு கிடையாது, கூட்டத்தை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். சாயத்தைத் துணி வடிகட்டியில் இறக்கி, பாலோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு ஆற்றி, நுரை வழிய மாஸ்டர் கொடுக்கிற டீக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகப் போடலாம்.

அம்மாவையும் கூட்டிப்போனேன். ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்ததிலிருந்து தெருவே "டீ காப்பிய நிறுத்துங்க மதினி" என்று உயிரை எடுக்கிறது. டீ, காப்பியில் இருக்கிற காஃபின் சிறுநீர் வழியாகக் கால்சியத்தைக் கொஞ்சம் கூடுதலாக வெளியேற்றும், அது உண்மைதான். ஆனால் ஒரு கப் காப்பிக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான் போகும், இரண்டு ஸ்பூன் பால் விட்டால் அது சரியாகிவிடும். 100 மில்லி பாலில் 120 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறதே! ஐம்பது தாண்டிய பெண்களுக்கு நாளைக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்பார்கள். அதனால், பால், கேப்பை, மீன் எதுவும் ஒழுங்காகச் சாப்பிடாமல் வரக்காப்பியிலேயே பொழுதை ஓட்டுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். கடலில் பாசி எடுத்துவிட்டு விரலில் சுற்றின துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து நிற்கிற அக்காக்கள் நிறையப் பேர் பசிக்கும் அதையேதான் வாங்குகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அம்மா விவரம். "தம்பி, பாலைத் தூக்கலா ஊத்துப்பா" என்றதும் மாஸ்டர் முகம் சுளிக்காமல் ஊற்றினார், காசும் கூடக் கேட்கவில்லை.

குறை என்றால் பத்து மணிக்கு மேல் பாலில் தண்ணீர் ஏறிவிடுகிறது, வாயில் வைத்ததுமே தெரியும். அப்புறம் வாசலிலேயே கோலா நிறைந்த ஃபிரிட்ஜ், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகள் நேராக அதைத்தான் திறக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில், அடிக்கடி கோலா குடிக்கிற பெண்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி குறைவாக இருந்ததை 2006-இல் சொன்னார்கள், ஆண்களிடம் அப்படி இல்லையாம். கோலாதான் காரணம் என்று அதை வைத்தே அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் பால் குடிக்க வேண்டிய வயிற்றில் அது எதற்கு?

காஃபினே வேண்டாம் என்றால் கருப்பட்டி போட்ட சுக்குமல்லி காப்பி கேளுங்கள், அதில் காப்பித்தூள் சேர்ப்பதில்லை, காரம் மட்டும் தொண்டையில் நிற்கும். எதிர்த் தள்ளுவண்டியில் நெத்திலி வறுவல் கிடைக்கிறது, முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் ஆயிற்று. காலையில் சீக்கிரம் போங்கள், சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள், ஜிபே கிடையாது.