என்ஆர்இ கணக்கா, என்ஆர்ஓ கணக்கா?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியர் ஊர் வங்கியில் என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு), என்ஆர்ஓ (இந்தியாவில் வரும் வருமானத்துக்கு) என்ற இந்த இரண்டு ரூபாய்க் கணக்குகளையும் வைத்துக்கொள்ளலாம். பணம் போடும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். திரும்ப வெளியே எடுக்கும்போதுதான் வித்தியாசம் புரியும்.

என்ஆர்இ சுலபம். துபாய்ச் சம்பளத்தை அதில் போட்டால் அசலையும் வட்டியையும் எவ்வளவு வேண்டுமானாலும் திரும்பக் கொண்டுபோகலாம். வட்டிக்கு இந்தியாவில் வரியும் கிடையாது. ஆனால் ஊரில் உள்ள வீட்டில் குடியிருப்பவர் தரும் வாடகையை நினைத்தபடி அதில் போட்டுவிட முடியாது.

அதற்குத்தான் என்ஆர்ஓ. வாடகை, பென்ஷன், மனை விற்ற பணம் எல்லாம் இதில் வரும். வட்டியில் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இருப்பிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். நம்மில் யார் அந்த வரம்பைத் தொடப்போகிறோம்! தொல்லை வரம்பில் இல்லை, காகிதத்தில். என் சித்தப்பா மகன் மனை விற்ற பணத்தை அனுப்பக் கிரயப் பத்திர நகல், வரி கட்டிய சலான், ஆடிட்டர் சான்றிதழ் எல்லாம் கொடுத்தான். பத்திரத்தில் பெயருக்கு முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இருவரும் ஒருவர்தானா என்று கேட்டு வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. அப்புறம் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், மூன்று வாரம் அலைச்சல்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும். சம்பளத்தை மட்டும் தவறிக்கூட என்ஆர்ஓவில் போடாதீர்கள்.