சைக்கிள் கருவிகள்: பெட்டியாக ஒன்லைனில் எடுப்பதா, பட்டணத்தில் ஒவ்வொன்றாகத் தேடுவதா?

ஒட்டுப் போடவும் பிறேக் இழுக்கவும் சீற்றை உயர்த்தவும் வேண்டிய சாமான் யாழ்ப்பாணத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். ஒரு பழைய பிஸ்கட் ரின், அதற்குள் இரண்டு மூன்று ஸ்பனர், ஒரு குறடு, ஒட்டுக் கம் குழாய். சைக்கிளில் வருகிற வேலையில் முக்கால்வாசி அவற்றோடு முடிந்துவிடும். மிச்சக் கால்வாசியில்தான் சிக்கல். பிறீவீல் (பின் சில்லில் செயின் ஓடுகிற பற்சக்கரம்) கழற்ற ஒரு கருவி, கிராங் (பெடலைத் தாங்கும் கை) இழுக்க ஒன்று, கோன் (சில்லின் அச்சில் போல்ஸை, அதாவது இரும்புக் குண்டுகளை, நெருக்கி வைக்கும் நட்டு) பிடிக்க ஒன்று, செயின் பின் தள்ள ஒன்று, கொட்டர் பின் (பழைய கிராங்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பு) அமுக்க இன்னொன்று. வேறெந்த வேலைக்கும் உதவாது, ஆனால் அந்த வேலை வந்தால் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் எங்கள் வீட்டிலும் சைக்கிள்கள் தூசு தட்டி வெளியே வந்தன. அப்பாவின் பழைய றலி, மனைவியின் லுமாலா லேடீஸ் சைக்கிள், பிறகு மகனுக்கு வாங்கிய கியர் சைக்கிள். வரிசை போன பிறகும் சைக்கிள் ஓட்டம் நிற்கவில்லை. எல்லா வேலையையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்ற ஆசையில் கருவி தேடத் தொடங்கினேன். எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தன. முப்பது நாற்பது துண்டுகளோடு வருகிற கருவிப் பெட்டியை ஒன்லைனில் எடுக்கலாம். பட்டணத்துச் சைக்கிள் சாமான் கடைகளில் தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக வாங்கலாம். கடையில் கிடைக்காததை லேத் பட்டறையில் சொல்லிச் செய்விக்கலாம். நான் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போனேன், ஒரேயொரு கருவிக்கு மூன்றாவது வழி. மூன்று விதமான சைக்கிள் நிற்கும் வீட்டுக்கு இதுதான் சரி என்றே இப்போதும் சொல்வேன்.

முதலில் பெட்டி. அதன் நன்மை பார்த்தவுடனே தெரியும்: ஒரே தரத்தில் எல்லாம் வந்துவிடும், துண்டுக் கணக்கில் பார்த்தால் மலிவு, ஒவ்வொன்றுக்கும் குழி வைத்த பெட்டி இருப்பதால் தொலையாது. வீட்டில் நிற்பது ஒரேயொரு கியர் சைக்கிள், அதுவும் ஷிமானோ சாமான் பூட்டியது என்றால் பெட்டியையே எடுங்கள், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். எங்கள் வீட்டு நிலைமை வேறு. பெட்டியில் வருகிற கருவிகள் புதிய மவுண்டன் சைக்கிளை நினைத்துச் செய்தவை. றலியின் கொட்டர் பின்னுக்கு அதில் ஒன்றும் இருக்காது. லுமாலாவின் ஒற்றைப் பல் (கியர் இல்லாத, ஒரே பற்சக்கரம் உள்ள) பிறீவீலுக்கும் பெரும்பாலும் இருக்காது. அதேநேரம் எங்களிடம் இல்லாத புதுவகைக் கிராங்குக்கு இரண்டு ஸ்பனர் வந்து சேரும். நண்பர் ஒருவர் வாங்கிய பெட்டியை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அலன் கீகள் நல்லவை. கோன் ஸ்பனர்கள் தகடு போல மென்மையானவை. இறுக்கிப் பிடித்தால் வாய் விரிந்துவிடும் என்பது கையில் எடுத்தவுடனே தெரிந்தது.

விலையையும் வசதியையும் விட்டுவிடுகிறேன், அதை அவரவர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒரே விசயம்: பொருத்தம். கருவி அந்தச் சாமானில் போய் ஆடாமல் உட்காருகிறதா, இல்லையா.

பிறீவீலை எடுத்துக்கொள்வோம். அது பின் சில்லின் நடுக்குடத்தில் வலப்புரிப் புரியோடு ஏறி நிற்பது. மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கும். ஐந்தாறு வருசம் மிதித்த சைக்கிளில், அதுவும் செம்மண் தூசும் கடல் காற்றும் சேர்ந்த எங்கள் ஊரில், அது எவ்வளவு இறுகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைத் திருப்ப நமக்குக் கிடைக்கிற பிடி பிறீவீலின் நடுவில் உள்ள சில சின்ன வெட்டுகள் மட்டும்தான். ஒற்றைப் பல் பிறீவீல்களில் இரண்டு வெட்டும் உண்டு, நாலு வெட்டும் உண்டு. கியர் சைக்கிள்களில் ஷிமானோ வகைக்கு உள்ளே பன்னிரண்டு பல் இருக்கும். கசெற் வகைப் பற்சக்கரத்தின் (புரி இல்லாமல் குடத்தில் செருகி வளையத்தால் பூட்டுவது) பூட்டு வளையத்துக்கும் அதே போலப் பன்னிரண்டு பல்தான். படத்தில் இரண்டு கருவியும் இரட்டைப் பிள்ளைகள். அளந்தால் ஒன்று 23 மில்லிமீற்றர் அளவு, மற்றது 23.4 மில்லிமீற்றர் அளவு. ஒரு மில்லிமீற்றரில் பாதிகூட இல்லாத இந்த வித்தியாசத்தை எந்த ஒன்லைன் படமும் காட்டாது.

பொருந்தாத கருவியைப் போட்டு முழுப் பலத்தோடு திருப்பினால் வெட்டின் விளிம்பு மழுங்கிவிடும். ஒருமுறை மழுங்கினால் சரியான கருவி பிறகு வந்தும் பயனில்லை. பிறீவீலை உடைத்துப் பிரித்து, அடித்தட்டை வைஸில் (பட்டறை மேசையில் பூட்டிய இடுக்கியில்) கடித்துத்தான் எடுக்க வேண்டும். மலிவாகக் கிடைத்த கருவியால் ஒரு பிறீவீல் போவதும், சில நேரம் அதோடு குடமும் போவதும் இப்படித்தான்.

பட்டணத்துக் கடை இதில்தான் வெல்கிறது. நான் போன கடையில், சாமானின் பெயரைச் சொன்னவுடன் அந்த ஐயா கருவியை எடுத்து நீட்டவில்லை. "தம்பி, சில்லைக் கழற்றிக்கொண்டு வாரும். போட்டுப் பார்க்காமல் தரமாட்டன்" என்றார். சில்லைக் கரியலில் கட்டிக்கொண்டு போனேன். எண்ணெய் பிசுக்குப் பிடித்த ஒரு பேணியைக் கவிழ்த்தார். ஒரு கருவி வெட்டின் மேலேயே நின்றது. இன்னொன்று இறங்கியது, ஆனால் விரலால் அசைத்தால் ஆடியது. பிறகு எடுத்ததை வைத்தபோது ஒரு சின்ன ஓசையோடு அடிவரைக்கும் போய் உட்கார்ந்தது. அசைத்தேன், அசையவில்லை. அதற்குத்தான் காசு கொடுத்தேன். அவர் அதோடு நிற்காமல் செய்முறையையும் காட்டினார். கருவியை உள்ளே வைத்து, அச்சின் நட்டை அதன்மேல் கையால் இறுக்க வேண்டும், அப்போதுதான் அது துள்ளி வெளியே வராது. பிறகு கருவியை வைஸில் கடிக்கக் கொடுத்துச் சில்லைப் படுக்க வைத்து, றிம்மின் இரண்டு பக்கமும் பிடித்து, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். 'டக்' என்று விட்டவுடன் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்தாமல் தொடர்ந்து திருப்பினால் அச்சில் நெருக்கம் ஏறும். இவ்வளவும் அந்தக் கருவியின் விலைக்குள்ளேயே வந்தது.

ஸ்போக் நிப்பிளுக்கும் (சில்லுக் கம்பியை றிம்மில் இறுக்கும் சின்ன நட்டு) இதே கதைதான். 3.23 மில்லிமீற்றர் நிப்பிளும் உண்டு, 3.45 மில்லிமீற்றரும் உண்டு. பெரிய கீயைச் சின்ன நிப்பிளில் போட்டால் நாலு மூலையும் உருண்டுவிடும். சுற்றிவரப் பல வெட்டு வைத்த வட்டமான கீ எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று எழுதி விற்பார்கள். அதைவிட ஒரு நிப்பிளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், அதற்குச் சரியான ஒற்றை அளவு கீயை எடுப்பது நல்லது. கோன் ஸ்பனர் 13 முதல் 17 மில்லிமீற்றர் வரை வரும். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் பெரும்பாலும் வேறு அளவு. உங்கள் சைக்கிளுக்கு வேண்டிய இரண்டை மட்டும் நல்ல இரும்பில் எடுங்கள்.

பொருத்தப் பிரச்சினை வராத கருவியும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சதுர அச்சுக் கிராங்குக்கான புல்லர் அப்படியானது. அந்தக் கிராங்குகளில் அநேகமாக எல்லாவற்றிலும் 22 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்ட புரிதான். அதை நான் ஒன்லைனில்தான் எடுத்தேன், ஒரு குறையும் இல்லை. உள்ளே வாசர் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, புரி முழுவதும் ஏறிய பிறகுதான் நெம்ப வேண்டும். பாதியில் நெம்பினால் அலுமினியப் புரி உரிந்து வந்துவிடும். செயின் பின் தள்ளும் கருவியையும் ஒன்லைனில் எடுக்கலாம். ஒற்றைப் பல் சைக்கிளின் அகலச் செயினுக்கும் கியர்ச் செயினுக்கும் பொதுவான ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக்குப் போகிறவர்கள் புறக்கோட்டை டாம் வீதியில் தேடலாம். அங்கே தெரிவு அதிகம். ஆனால் சில்லைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது, பொருந்தாவிட்டால் மாற்ற இன்னொரு பயணம். எனக்கு அது சரிவரவில்லை.

சரி, லேத் பட்டறைக்கு வருவோம். றலி போன்ற பழைய சைக்கிள்களில் கிராங்கை அச்சோடு பிடித்து வைத்திருப்பது கொட்டர் பின். றலி வகையில் அது 9.5 மில்லிமீற்றர் தடிப்பு, 9 மில்லிமீற்றரிலும் வேறு சைக்கிள்களுக்கு உண்டு. அதை எடுக்கச் சுத்தியலால் அடிப்பதுதான் ஊர் வழக்கம். அடித்தால் புரி உள்ள நுனி குடை போல விரிந்து துவாரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அடியின் அதிர்ச்சி உள்ளே இருக்கும் போல்ஸ் வரைக்கும் போகும். அமுக்கி எடுக்கும் கருவி இருந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அந்தக் கருவியைப் பட்டணத்தில் எந்தக் கடையிலும் நான் காணவில்லை.

கொக்குவில் பக்கம் ஒரு லேத் பட்டறையில் படம் கீறிக் காட்டினேன். 'ப' வடிவத்தைப் படுக்க வைத்தது போல ஒரு தடித்த இரும்புத் துண்டு. ஒரு கையில் பின்னின் தலை உள்ளே போகிற அளவுக்குத் துவாரம், மறு கையில் புரி வெட்டி ஒரு போல்ட். போல்ட்டைத் திருக அது பின்னின் நுனியை நேராகத் தள்ளும். பட்டறை அண்ணை வடிவத்தைப் பார்த்தவுடனே விளங்கிக்கொண்டார். போல்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்று சொல்லி, தலையில் 10.9 என்று பொறித்த கடினமான போல்ட் ஒன்றைப் போட்டுத் தந்தார். சாதாரண போல்ட் என்றால் அந்த நெருக்கத்தில் புரி தின்றுவிடும். திருகும்போது நுனி வளையாமல், ஒரு வெடிச் சத்தத்தோடு பின் அசைந்து வந்தது. திரும்பப் போடும்போது இரண்டு பின்னையும் எதிரெதிர்த் திசையில் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. புதிய பின்னின் சாய்ந்த முகத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவிச் சரிபார்க்க வேண்டியும் வரலாம்.

இது எங்கள் ஊருக்குப் புதிய பழக்கம் இல்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எரிபொருள் அருமையாகி, யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடியது. பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். அப்போது இல்லாத சாமானை இருக்கிற இரும்பில் செய்து கொடுத்த கைகள் இன்னும் பட்டறைகளில் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் அங்கே செய்விக்க நினைக்காதீர்கள். பிறீவீல் கருவி போன்ற நுண்ணிய பல் உள்ளவற்றுக்கு வெட்டிய பிறகு பதம் ஏற்ற வேண்டும். பச்சை இரும்பில் வெட்டினால் முதல் வேலையிலேயே பல் மடங்கிவிடும்.

பார்க் ரூல் என்ற பெயர் கேட்டிருப்பீர்கள், நீலக் கைப்பிடி போட்ட அமெரிக்கக் கருவிகள், 1963இல் தொடங்கிய நிறுவனம். நல்ல சாமான். வீட்டுத் தேவைக்கு அவ்வளவு செலவு வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். எதை வாங்கினாலும் வேலை முடிந்தவுடன் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். கடல் காற்று பெயர் பார்த்துத் துரு ஏற்றாது.

செயின் தேய்மானம் அளக்கத் தனிக் கருவி விற்கிறார்கள், அது வேண்டாம். அங்குலம் போட்ட அடிமட்டம் போதும். செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம், ஆகவே 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு அங்குலம் கூடும்வரை விட்டால் பற்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். சில்லு நெளிவு எடுக்கும் ஸ்ராண்டும் அப்படித்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தால் பிறேக் கட்டையே அளவுகோல்.

எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிறேக், கார்பன் சட்டகம் ஆகியவற்றில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை. மகனின் சைக்கிளில் இருப்பது கம்பி இழுக்கும் டிஸ்க், அதற்கு அலன் கீ போதும். எண்ணெய் பிறேக் வைத்திருக்கிறவர்கள் அதற்கான கருவியை வாங்குமுன், அந்த வகைச் சைக்கிள் விற்கிற கடையில் ஒருமுறை வேலையைக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.