பாரிஸின் கெய், டோக்கியோவின் கான்டெசான்ஸ்: ஜப்பானியர் கையால் பிரெஞ்சு விருந்து

ஜப்பானியர் ஒருவர் பிரெஞ்சு உணவகம் நடத்துகிறார் என்றதும், வெண்ணெய்ச் சாஸில் கொஞ்சம் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) கலந்து, மேலே யுசு (எலுமிச்சை போன்ற ஜப்பானியப் பழம்) பிழிந்து தருவார் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பாரிஸில் கெய் கொபயாஷி நடத்தும் 'கெய்', டோக்கியோவில் ஷூசோ கிஷிடா நடத்தும் 'கான்டெசான்ஸ்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும். இரண்டும் அளவான கூடம் கொண்டவை. இரண்டும் மிஷ்லின் உணவகக் கையேட்டின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்றவை. ஆனால் சமைக்கும் முறையில் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

கொபயாஷி நாகானோவில் பிறந்தவர். அப்பா கைசெகி (பல சிறு தட்டுகளாக வரும் ஜப்பானிய விருந்து) சமையல்காரர். அலென் ஷபெல் என்ற பிரெஞ்சு சமையல் மேதையைத் தொலைக்காட்சி ஆவணப்படத்தில் பார்த்த பையன், அப்பாவின் வழியை விட்டுப் பிரெஞ்சு சமையலுக்குப் போனார். பிரான்ஸில் பல ஊர் அடுப்படிகளில் வேலை பார்த்து, பாரிஸில் புகழ்பெற்ற சமையல் கலைஞர் அலென் துக்காஸ், பிளாசா அத்தேனே ஹோட்டலில் நடத்திய உணவகத்தில் தேர்ந்தார். 2011-இல் சொந்தமாகத் திறந்த இடம், பழைய பாணிப் பிரெஞ்சு சமையலுக்குப் பேர்போன ஜெரார் பெஸ்ஸோன் முன்பு நடத்தி வந்த உணவகம். 2012-இல் முதல் நட்சத்திரம், 2017-இல் இரண்டாவது, 2020-இல் மூன்றாவது. பிரான்ஸில் மூன்று நட்சத்திரம் பெற்ற முதல் ஜப்பானியர் அவர்தான்.

கிஷிடா போன வழி வேறு. பாரிஸின் 'அஸ்ட்ரான்ஸ்' உணவகத்தில் பஸ்கல் பார்போவிடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 2006-இல் டோக்கியோவில் கடை திறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் டோக்கியோவுக்கான முதல் மிஷ்லின் கையேடு வெளிவந்தது. மூன்று நட்சத்திரம் கிடைத்த எட்டு உணவகங்களில் கான்டெசான்ஸும் ஒன்று. திறந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது!

சரி, தட்டுக்கு வருவோம். கெய்யில் எல்லோரும் பேசுவது மொறுமொறுப்பான காய்கறித் தோட்டம் என்ற தட்டைத்தான். பல வகைக் காய்கள், இலைகள், பூக்கள், அடியில் புகையூட்டிய சால்மன், ராக்கெட் கீரை மூஸ், மேலே எலுமிச்சை நுரை. அடுக்கியிருக்கும் அழகைக் கலைத்து, நன்றாகக் கிளறிவிட்டுச் சாப்பிட வேண்டும். செதிளோடு வறுத்த கடல்மீனும் அவருடைய அடையாளம். செதிள் நொறுங்கும், உள்ளே சதை ஈரமாக இருக்கும். ஜப்பானியச் சுவைகள் அங்கங்கே எட்டிப்பார்க்கும். ஆனாலும் சாஸும் பக்குவமும் துக்காஸின் பள்ளிக்கூடம்தான்.

கான்டெசான்ஸில் அலங்காரம் குறைவு. அடையாள உணவு ஆட்டுப்பால் பவருவா. பவருவா என்பது கெட்டியாக உறையவைத்த குளிர்ந்த கிரீம். மேலே சீவிய லில்லிக் கிழங்கு, மெக்கடேமியா கொட்டை, ஆலிவ் எண்ணெய், உப்பு. அந்த உணவின் பெயரிலேயே உப்பும் ஆலிவ் எண்ணெயும்தான் கதாநாயகர்கள். ஒரு மூன்று நட்சத்திர உணவகம் உப்பை முன்னால் நிறுத்தியதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எண்ணெய் பழசானாலும் உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் மறைத்துவைக்க அந்தத் தட்டில் இடமே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் இறைச்சி. அடுப்பில் ஒரு நிமிடம் வைப்பது, எடுத்து ஐந்து நிமிடம் வெளியே ஓய விடுவது, திரும்ப வைப்பது. இப்படி முப்பது முறை வரை போகும். ஒரே மூச்சில் சுட்டால் வெளிப்புறம் காய்ந்துபோகும், நடுவில் மட்டும் சிவப்பு நிற்கும். இந்த முறையில் வெளியே ஏறிய சூடு ஓய்வு நேரத்தில் மெல்ல உள்ளே இறங்குவதால், விளிம்பிலிருந்து நடுவரை ஒரே இளஞ்சிவப்பு. சாறும் உள்ளேயே தங்கும். ஒரு துண்டுக்கு மூன்று மணிநேரம் ஒருவர் அடுப்படியில் நிற்க வேண்டும். இதில் மிசோவும் இல்லை, யுசுவும் இல்லை. ஜப்பானியக் கைவினைஞரின் பொறுமை மட்டும் இருக்கிறது. அந்தப் பொறுமையைத்தான் நான் ஜப்பானியம் என்பேன்.

மூன்றாவதாக 'எஃபர்வெசான்ஸ்' பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. டோக்கியோவில் ஷினோபு நமாயே நடத்துவது. நான்கு மணிநேரம் வேகவைத்த ஒரே ஒரு டர்னிப் (முள்ளங்கி போன்ற கிழங்கு) அங்கே பெரிய தட்டாக வருகிறது. பிரெஞ்சுப் பாரம்பரியத்தை எதிர்பார்த்துப் போனால் அது உங்களுக்கான இடம் அல்ல. ஜப்பானிய மண்ணின் விளைச்சல்தான் அங்கே முன்னால் நிற்கும்.

முழுக்க முழுக்கப் பழைய பிரெஞ்சு சமையலை ஒரு ஜப்பானியர் கையால் சாப்பிட விரும்பியவர்கள் ஒரு காலத்தில் பாரிஸில் தத்தேரு யோஷினோவின் 'ஸ்டெல்லா மாரிஸ்' போனார்கள். அரச பாணி முயல்கறி, கன்றின் தலைக்கறி என்று பாரிஸ்காரர்களே மறந்துகொண்டிருந்த உணவுகளை அவர் விடாமல் சமைத்தார். அந்தக் கடை இப்போது இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இன்று அந்த மரபுக்கு நெருக்கமாக, சாஸின் ஆழத்தோடு சாப்பிட வேண்டும் என்றால் கெய். அழகும் வேண்டும், பாரிஸும் வேண்டும் என்பவர்களுக்கும் அதுவே சரி. ஆனால் ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் நான் டோக்கியோவுக்கு டிக்கெட் எடுப்பேன், அந்த இறைச்சித் துண்டுக்காக. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். கான்டெசான்ஸில் மெனு அட்டை வெற்றுத் தாள். அன்று என்ன வரும் என்பது கிஷிடாவின் முடிவு. அதனால் ஒவ்வாமை ஏதாவது இருந்தால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது.