ஹானெம்யூலெ பிளாட்டினம் ராக்: மூன்று பிரதியும் ஒரே மாதிரி வந்தன

அப்பாவின் படம் ஒன்றை அக்காவுக்கு, தம்பிக்கு, எனக்கு என்று மூன்று பிரதி பிளாட்டினம் பல்லேடியத்தில் போட நினைத்தேன், அதாவது அந்த உலோகங்களின் கரைசலைத் தாளில் கையால் பூசி, நெகட்டிவ் வழியே ஒளி காட்டிப் படம் எடுக்கும் பழைய அச்சு முறையில். முதல் பிரதி அருமையாக வந்தது. மறுநாள் அதே நெகட்டிவ், ஒளி காட்டிய நேரமும் அதே, ஆனால் அப்பாவின் கருப்புக் கோட்டு சாம்பல் நிறத்தில் வந்து நின்றது. விளக்கைச் சந்தேகப்பட்டேன், ரசாயனத்தைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பார்த்தால் தாள்தான்.

நான் வைத்திருந்தது நல்ல பருத்தி வாட்டர்கலர் தாள். அந்த மாதிரித் தாள்களில் நாள்பட்டு மஞ்சளாகாமல் இருக்க கால்சியம் கார்பனேட் சேர்ப்பார்கள், நாம் பூசும் ஃபெரிக் ஆக்ஸலேட் (ஒளிபட்டால் மாறும் இரும்பு உப்பு) கரைசலோ அமிலம், இரண்டுக்கும் ஒத்துவராது. அதனால் தாளை முதலில் ஆக்ஸாலிக் அமிலத்தில் ஊறவைத்துக் காயவைத்துத்தான் பூசுவேன். அந்த ஊறல் ஒரு நாள் இருந்த மாதிரி இன்னொரு நாள் இல்லை.

இப்போது வாங்கியிருக்கும் ஹானெம்யூலெ நிறுவனத்தின் பிளாட்டினம் ராக் தாளில் அந்த வேலையே கிடையாது. 300 கிராம் கனம், முழுக்கப் பருத்தி, கார்பனேட் சேர்க்காதது, எடுத்து நேரே பூசலாம். எட்டுக்குப் பத்து அங்குலத்துக்கு ஃபெரிக் ஆக்ஸலேட் 20 சொட்டு, உலோகக் கரைசல் 20 சொட்டு விட்டு கண்ணாடிக் கம்பியால் இழுத்தால், மஞ்சள் கரைசல் திட்டுத் திட்டாக நிற்காமல் சீராக இறங்குகிறது. விளக்கைச் சாய்த்துப் பாருங்கள், ஈரப் பளபளப்பு ஓரத்திலிருந்து மெல்ல மங்கிக்கொண்டு வரும். அது முழுதும் போகும்வரை ஹேர் டிரையரைத் தொடாதீர்கள்.

ஒரு வாரத்தில் ஐந்து தாள் பூசி, ஸ்டௌஃபரின் 21 படிப் பட்டையை (படிப்படியாக அடர்த்தி கூடும் சோதனை ஃபிலிம் பட்டை) வைத்துச் சோதித்தேன். நான்கில் கருப்பு ஒரே படியில் வந்து சேர்ந்தது. ஐந்தாவது விலகியதற்குக் காரணம் நான்தான், அவசரத்தில் வறண்டுபோகும் அளவுக்கு டிரையரைக் காட்டிவிட்டேன். தாளில் கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தால்தான் கருப்பு ஆழமாக வரும், அதனால் இப்போது ஈரமானி 55 சதவீதம் காட்டாமல் பூசுவதில்லை. எவ்வளவு நல்ல தாள் வாங்கினாலும் இந்த வேலை நம்முடையதுதான்.

1873இல் வில்லியம் வில்லிஸ் காப்புரிமை வாங்கிய முறை இது. அப்புறம் பூசிய தாளே கடையில் கிடைத்த காலமும் இருந்தது, முதல் உலகப் போரில் பிளாட்டினத்துக்குத் தட்டுப்பாடு வந்து அது மெல்ல அருகிப்போனது. இன்று கையால் பூசுகிற நமக்கு, குறைந்தபட்சம் தாளாவது மாறாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா!

விலை அதிகம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு பிரதி வீணானால் அதோடு போகும் பல்லேடியத்தின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பெரிய தாளாக வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள், ஓரத் துண்டுகள் சோதனைக்கு ஆகும். அக்கா வீட்டுக்கு அவள் பிரதியை நேற்றுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன், கோட்டு பொத்தான் வரை தெரிகிறது.