இழுத்துப் போடுவதா, கொளுக்கி போடுவதா?

விடிய ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடற்கரைப் பக்கம் போனால் நடக்கிற பெண்களை நிறையக் காணலாம். ஓடுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். "சப்பாத்து இருக்கு, மூச்சும் இருக்கு. ஓடினா நெஞ்சு குலுங்குது, ஆக்கள் பாக்கினம்" என்றாள் என் மச்சாள். அவள் கண்டுபிடித்த வைத்தியம், இரண்டு சாதாரண பிராவை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, அதற்கு மேல் இறுக்கமாக ஒரு பெனியன். நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் ஓடினேன். வேர்க்குருவும், தோளில் பட்டி வெட்டிய தழும்பும்தான் மிச்சம்.

மார்பைப் பிடித்து வைக்க உள்ளே தசை கிடையாது. தோலும் மெல்லிய இணைநார்களும்தான் தாங்குகின்றன. ஓடும்போது அது மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை. பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் ஆடி, 8 போல ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். சாதாரண பிரா ஏந்திப் பிடிக்கத் தைத்தது, ஆட்டத்தை அடக்க அல்ல. இரண்டைப் போட்டால் மூச்சுத்தான் முட்டும். ஆகவே அதை விடுவோம். போட்டி விளையாட்டுக்கென்றே தைக்கும் ஸ்போர்ட்ஸ் பிராவின் இரண்டு வகைக்கும்தான்: தலைவழியாக இழுத்துப் போடுவது, முதுகில் கொளுக்கி போடுவது.

இழுத்துப் போடும் வகைதான் மூத்தது. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்டில், ஓடும்போது பட்ட அவதி தாங்காமல் லீசா லிண்டால் என்பவர் தோழிகளோடு சேர்ந்து ஒன்றைத் தைத்தார். ஆண்கள் விளையாடும்போது இடுப்பில் போடும் ஜொக்ஸ்ட்ராப் இரண்டை வெட்டிச் சேர்த்துத் தைத்ததுதான் முதல் மாதிரி! இரண்டு மார்பையும் சேர்த்து நெஞ்சோடு அமுக்கிவிடுவது, அவ்வளவுதான் விஷயம். நம் கடைகளில் 'ஸ்போர்ட்ஸ் பிரா' என்று கேட்டால் எடுத்துத் தருவதும் பெரும்பாலும் இதுதான். விலை குறைவு, கெதியாகக் காயும், கொளுக்கி உறுத்தாது. சின்ன மார்புக்காரருக்கு ஓடவே போதும். மற்றவர்களுக்கு நடை, சைக்கிள், யோகாவுக்குச் சரி.

குறை என்னவென்றால், சிறிது, நடுத்தரம், பெரிது என்ற மூன்று அளவுக்குள் எல்லாரையும் அடக்கப் பார்க்கிறது. நெஞ்சுச் சுற்றளவு குறைந்து மார்பு பெருத்தவருக்கு எந்த அளவும் பொருந்தாது. இரண்டு மார்பும் நெருக்குண்டு நடுவில் வேர்வை தேங்கும். சித்திரை வெயிலில் அந்த இடம் அவிந்து சிவந்துவிடும். ஓடி முடித்து, ஈரத்தோடு ஒட்டிக்கொண்ட அதைத் தலைவழியாக உரிப்பதைத் தனி உடற்பயிற்சியாகவே கணக்கில் சேர்க்கலாம்.

கொளுக்கி வகையில் ஒவ்வொரு மார்புக்கும் தனிக் கிண்ணம். மார்புக்குக் கீழே சுற்றி வரும் அடிப்பட்டியையும் தோள்பட்டியையும் நம் உடம்புக்கு ஏற்ப இறுக்கலாம். தாங்குவது தோள்பட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாரத்தில் பெரும்பங்கை ஏற்பது அடிப்பட்டிதான். அது தளர்ந்தால் தோள்பட்டியை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. ஓட்டம், வலைப்பந்து, கயிறு தாண்டுதல் என்றால் நடுத்தர மார்புக்கு மேல் உள்ள எவருக்கும் இதையே சொல்வேன். துணி தடிப்பு என்பதால் கார்த்திகை மழைக்குக் காய இரண்டு நாள் எடுக்கும். அது ஒரு தொல்லைதான்.

பெரிய தொல்லை வாங்குவதில். ஒரு கடையில் விற்பனைக்கு நின்ற பெடியன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மீடியம் காணும் அக்கா" என்றான். போட்டுப் பார்க்க இடமும் இல்லை. அதனால் பலருக்கு வெளிநாட்டுப் பார்சல்தான் கதி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. லண்டன் சித்தி அனுப்பும் 34, ஜேர்மனியில் 75, பாரிஸில் 90. மூன்றும் ஒரே சுற்றளவுதான். கிண்ணத்தின் அளவைச் சொல்லும் எழுத்தும் மாறும்: லண்டனில் 'ஈ' என்பது கனடாவில் மூன்று 'டி'. சும்மா "என்ரை சைஸ் 34" என்று பாரிஸுக்குச் சொன்னால் அங்கே தலையைச் சொறிவார்கள். மார்புக்குக் கீழே நாடா பிடித்து அளந்த அளவையும், மார்பின் முழுச் சுற்றளவையும் சென்றிமீற்றரில் அனுப்பிவிடுங்கள்.

வந்ததும் விலை அட்டையை வெட்டாமல் போட்டுப் பாருங்கள். அடிப்பட்டிக்குள் இரண்டு விரல் போக வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. கையை உயர்த்தும்போது பட்டி மேலே ஏறினால் பெரிது. மேலே சதை பிதுங்கினால் கிண்ணம் சிறிது. அப்புறம் கதவைச் சாத்திவிட்டு நாலு தரம் துள்ளிப் பாருங்கள். புதிதில் கடைசி, அதாவது மிகத் தளர்ந்த கொளுக்கியில் சரியாக இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். நாள்பட இழுபட, இறுக்கமான உள்கொளுக்கிக்கு மாறலாம்.

தோய்ப்பதில் இரண்டுக்கும் ஒரே கவனம்தான். இதன் உயிர், ரப்பர் போல இழுபட்டுச் சுருங்கும் எலாஸ்டேன் நூல். அதற்குச் சூடும் குளோரீனும் எதிரி. வெள்ளை உடுப்போடு சேர்த்து ப்ளீச்சில் ஊற வைக்காதீர்கள். வாசம் தரும் மென்மையாக்கி நூலில் படிந்து, வேர்வையை வெளியே கடத்தும் தன்மையைக் கெடுக்கும். நம் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் வெட்டியவை, தண்ணீர் கடினம். கட்டிச் சவர்க்காரம் அதில் நுரைக்காமல் வெள்ளைக் கசடாகத் துணியில் ஒட்டும். கொஞ்சம் திரவச் சவர்க்காரம், ஓடி வந்தவுடனேயே குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசல், முறுக்காமல் பிழிதல், இவ்வளவும் போதும். வாஷிங் மெஷினில்தான் போட வேண்டுமென்றால் கொளுக்கியை மாட்டி வலைப்பைக்குள் போடுங்கள். அடுத்தடுத்த நாள் ஒன்றையே போடாமல் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால் நூல் பழைய நிலைக்கு வர நேரம் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரைதான் அதன் ஆயுள்.

காயப் போடுவதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. உள்ளுடுப்பு கொடியில் தெரியக் கூடாது என்று சீலைக்குக் கீழே மறைத்துப் போடுவார். வெயில் படாதது எலாஸ்டேனுக்கு நல்லதுதான், ஆனால் காற்றுப் படாமல் புளிச்ச மணம் வந்துவிடும். இப்போது பின்விறாந்தையில், காற்று வரும் பக்கமாக ஒரு சின்னக் கொடி கட்டியிருக்கிறேன். மச்சாளுடையதும் அதில்தான் தொங்குகிறது.